மாட்டு எலும்புத் துகளை நாயின் கால் ஏற்குமா?

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 4 வயது, எடை 3 கிலோதான். சோபாவிலிருந்து குதித்ததில் முன்னங்கால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்தது. பிளேட் வைத்து 5 மாதமாகியும் எலும்பு கூடவில்லை. மாட்டு எலும்பிலிருந்து தயாரித்த துகளை நிரப்பி மறுபடி அறுவை செய்யலாம் என்கிறார் டாக்டர். வேறு பிராணியின் எலும்பை அவள் உடம்பு ஏற்குமா? முட்டை ஓட்டைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்தாலே போதும் என்கிறார்களே?

பதில்: முட்டை ஓட்டை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதை எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றி, குறையுள்ள எலும்பில் நேரடியாக வைத்து ஆராய்கிறார்கள், உண்மைதான். ஆனால் வாய்வழியே போகும் பொடி முறிந்த இடத்தைத் தேடிப்போய் உட்காராது. நல்ல சாப்பாடு சாப்பிடும் வளர்ந்த நாய்க்குக் கால்சியம் குறைவதில்லை. அவளுக்குக் குறைந்தது ரத்த ஓட்டம். சிறிய இன நாய்களுக்கு அந்த இடத்தில் எலும்பைச் சுற்றிச் சதை மிகக் குறைவு. உள்ளே போகும் ரத்தக் குழாய்களும் பெரிய நாய்களைவிடக் குறைவு.

மாட்டு எலும்பைப் பச்சையாக வைத்தால் ஏற்காது. உடம்பு எதிர்ப்பது அதிலுள்ள செல்களையும் புரதங்களையும்தான். பக்குவம் செய்து அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது துளைகள் நிறைந்த வெள்ளைத் தாது. கொடிக்குப் போட்ட பந்தல் மாதிரி, அவளுடைய சொந்த செல்களும் புது ரத்தக் குழாய்களும் அதில் படர்ந்து ஏறும். பவளத்தையும் இதற்காகவே பயன்படுத்துகிறார்கள், அதன் துளைகளும் அப்படி. ஆனால் பந்தல் இருந்தால் மட்டும் கொடி முளைத்துவிடுமா?

1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், அமிலத்தால் தாதுவை நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளேயே புது எலும்பு உருவானது! எலும்பை வளரத் தூண்டும் சக்தி எஞ்சியிருந்த புரதத்தில் இருந்தது. புரதம் நீக்கிய மாட்டுத் துகளில் அது இல்லை.

அதனால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: துகளோடு அவளுடைய சொந்தப் பஞ்சு எலும்பையும், அதாவது எலும்புக்குள்ளே பஞ்சு போல இருக்கும் பகுதியையும், கலப்பீர்களா? தோளுக்குக் கீழே மேல்கை எலும்பில் சிறு துளை போட்டு, குட்டிக் கரண்டி போன்ற க்யூரெட்டால் சுரண்டினால் சிவந்த ஈர மணல் போல வரும். அதில் உயிருள்ள செல்களும் அந்தத் தூண்டும் புரதமும் இருக்கின்றன. காயவிட்டால் செல்கள் செத்துவிடும் என்பதால், அந்த நாயின் ரத்தத்திலேயே நனைத்த துணியில் மூடிவைப்பேன். இவ்வளவு சின்ன நாயிடம் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தப் பற்றாக்குறைக்குத்தான் மாட்டுத் துகள் கைகொடுக்கிறது.

இதைவிட முக்கியம், நிரப்பும் இடத்தைத் தயார் செய்வது. இத்தனை மாதம் கூடாத எலும்பின் முனைகள் பெரும்பாலும் தந்தம் போல வெளுத்து இறுகியிருக்கும், மஜ்ஜைக் குழி அடைத்திருக்கும். முனைகளைச் சீவி, குழியைத் துளைத்துத் திறக்க வேண்டும். வெள்ளையில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசிவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

ஆரம்ப காலத்தில் ஒரு நாய்க்குத் துகளை நன்றாக நிரப்பினேன். ஒரு ஸ்க்ரூ லேசாக ஆடியதைக் கண்டும் விட்டுவிட்டேன். 8 வாரம் கழித்து எக்ஸ்ரேயில் துகள் துகளாகவே கிடந்தது. அந்த ஜீவன் இன்னொரு முறை மேசையேறியது என்னால்தான். இன்றும் மனசு வலிக்கிறது. பழைய பிளேட் அசைகிறதா, உள்ளே சீழ் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சீழ் இருந்தால் எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் சோதனை எடுத்து, அதை ஆற்றிய பிறகே நிரப்ப வேண்டும்.

மாட்டுத் தாது மெதுவாகத்தான் கரையும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் புது எலும்பு என்று நினைத்துவிடாதீர்கள். துகளுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கோடு மறைகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அது மறையும்வரை சோபாவில் ஏறவிட வேண்டாம், எங்கே இறங்குவதானாலும் நீங்களே தூக்கி இறக்கிவிடுங்கள்.