புல்மோட்டை மணலும் சிப் உடன்படிக்கையும்

அன்புள்ள ஐயா,

உலக வர்த்தக அமைப்பின் 166 உறுப்பினர்களும் இணங்கும்வரை காத்திருக்காமல், சிப், பற்றரி, அரிய கனிமங்கள் என்று துறைவாரியாக, விரும்பிய நாடுகள் மட்டும் கூடி வர்த்தக விதிகளைத் திருத்தலாம் என்கிறார்களே. எங்களைப் போன்ற ஊருக்கு இதில் என்ன? பெரிய நாடுகளின் சண்டைதானே?

ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

சண்டை அவர்களுடையதுதான். மணல் எங்களுடையது.

துறைவாரி உடன்படிக்கை புதிதல்ல. கணினி, சிப், தொலைத்தொடர்புக் கருவிகளுக்குச் சுங்கவரியை நீக்க 1996இல் சிங்கப்பூரில் 29 தரப்புகள் இணங்கின. கையெழுத்திடாத உறுப்பு நாடுகளின் பொருட்களுக்கும் அதே சலுகை கிடைத்ததுதான் அதன் நல்ல குணம். 2015இல் மேலும் 201 பொருட்களைச் சேர்த்தார்கள்.

இப்போது பிரச்சினை வரியோடு நிற்கவில்லை. 2022இல் அமெரிக்கா சீனாவுக்கு உயர்தர சிப் போவதைக் கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டு சீனா, சிப் தயாரிப்பில் பயன்படும் கலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டது. இரண்டு பக்கமும் சொல்லும் காரணம் தேசியப் பாதுகாப்பு. வர்த்தக விதிகளில் அந்த வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

எங்களுக்குப் பாடம் இந்தோனேசியாதான். நிக்கல் தாதுவை அப்படியே விற்கமாட்டோம், இங்கேயே உருக்குங்கள் என்று 2020இல் ஏற்றுமதியைத் தடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது. மேன்முறையீடு செய்தார்கள். ஆனால் புதிய நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா விடாததால் 2019 டிசம்பரிலிருந்தே மேன்முறையீட்டு மன்றம் இயங்கவில்லை. வழக்கு அந்தரத்தில் நிற்க, உருக்காலைகள் வேலை செய்கின்றன. நீதிமன்றம் பூட்டிக் கிடந்ததால் தப்பிய நாடு! அந்த வழியை நம்பி நாங்கள் இறங்க முடியாது.

சரி, எங்கள் திருகோணமலை மாவட்டக் கடற்கரையிலுள்ள புல்மோட்டைக்கு வருவோம். அந்தக் கறுப்பு மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் எல்லாம் இருக்கின்றன. வெள்ளைப் பெயின்றில் சேரும் தைத்தேனியம் டைஒக்சைட்டுக்கு இல்மனைற்றே மூலப்பொருள். நாங்களோ இன்றும் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகிறோம். ஏற்றுமதியை அளவு வைத்துத் தடுக்க இன்றைய விதிகள் பொதுவாக இடம்கொடுப்பதில்லை. ஏற்றுமதி வரி போட இடமுண்டு. மணலுக்கு வரி, பதப்படுத்தியதற்கு வரியில்லை என்று வைத்தால் தொழிற்சாலை கட்ட வருகிறவருக்கு ஒரு காரணமாவது கிடைக்கும். மின்சாரமும் முதலீடும் வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

கனிமங்களுக்கென்று ஒரு உடன்படிக்கை வரைவு கொழும்புக்கு வந்தால், ஏற்றுமதி வரி பற்றிய பிரிவைத்தான் முதலில் புரட்டுவேன். அந்த உரிமையில் கைவைத்திருந்தால், வேறு என்ன சலுகை தந்தாலும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கட்சி.