பழைய அமெரிக்க பென்னிகளில் மதிப்புள்ளதைப் பிரிப்பது எப்படி?

ஒரு டப்பா நிறைய லிங்கன் பென்னி (ஆபிரகாம் லிங்கன் முகம் பதித்த அமெரிக்க ஒரு சென்ட் காசு) கிடைத்திருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், எதையும் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். பளபளப்பாக்கிய காசின் விலை சட்டென்று இறங்கிவிடும்.

சரி, பின்பக்கம் பாருங்கள். இரண்டு கோதுமைக் கதிர் இருந்தால் அது 1909 முதல் 1958 வரை அடித்தது. தனியாக எடுத்து வையுங்கள். அவற்றிலும் பெரும்பாலானவை சில சென்ட்தான் போகும். அப்புறம் லென்ஸ் வைத்து ஆண்டையும் அதன் கீழே உள்ள எழுத்தையும் பாருங்கள். அது காசு அடித்த ஊரைச் சொல்லும்: 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'டி' என்றால் டென்வர். எல்லோரும் தேடுவது 1909 எஸ், பின்பக்க அடியில் 'வி.டி.பி.' என்ற பொடி எழுத்துகளோடு (வடிவமைத்தவரின் பெயரெழுத்துகள்), அடித்ததே 4,84,000தான். 1914 டி, 1931 எஸ் இரண்டும் நல்ல காசுகள். 1955-ல் ஆண்டும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரிந்தால் பத்திரப்படுத்துங்கள்.

1943-ம் ஆண்டுக் காசில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த, துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். அந்த வெள்ளைக் காசு நிறையவே கிடைக்கும். தவறுதலாகச் செம்பில் அடித்த சிலதான் அபூர்வம். செம்பு நிறத்தில் 1943 கண்ணில் பட்டால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் அது எஃகுக் காசு, செம்பு வெறும் மேற்பூச்சுதான். ஒட்டாவிட்டாலும் 1948-ன் '8'-ஐச் செதுக்கி '3' ஆக்கியிருக்கலாம், அதனால் நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.