கணவாய் முட்டைக்குள் போகுமா?

அன்புள்ள ஐயா,

இறால் வளர்ப்பு பற்றிய கட்டுரையில், 'தாய் இறாலுக்குக் கணவாய் மீன் போட்டால் அந்தப் புரதம் முட்டைக்குப் போய்ச் சேரும்' என்று எழுதியிருந்தீர்கள். ஹேச்சரியில் (இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில்) வேலை பார்த்த என் தம்பி படித்துவிட்டுச் சிரித்தான். "தின்றது எந்த வழியாக முட்டைக்குள் போகுமாம்?" என்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசகி, தொண்டி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சிரித்தது சரிதான். அவசரத்தில் எழுதிய வரி அது.

கணவாயின் புரதம் செரிமானத்திலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். அதை வைத்து இறால் வைட்டெல்லோஜெனின் என்ற வேறொரு புரதத்தை முட்டைக்கென்று செய்கிறது. கோழிக்கு இந்த வேலை கல்லீரலோடு முடிந்தது. இறாலுக்கு இரண்டு பட்டறை: தலைக்குள் கல்லீரலும் கணையமும் ஒன்றாகிப்போன உறுப்பு ஒன்று, சினைப்பையே இன்னொன்று. தலையில் தயாராவது ரத்தத்தில் கலந்து சினைப்பைக்கு வரும்.

முட்டையின் மேல்சவ்வில் இந்தப் புரதத்தைப் பிடிக்கவென்றே ஏற்பிகள் இருக்கின்றன. புரதம் வந்து பொருந்தியதும் சவ்வு அந்த இடத்தில் குழியும். குழியின் வாய் மூடிச் சின்னப் பையாகி உள்ளே போய்விடும். முட்டை சும்மா கிடக்க யாரோ ஊற்றி நிரப்புவதில்லை, அதுவே பிடித்து இழுத்துக்கொள்கிறது. புரதமும் தனியாக வருவதில்லை; கொழுப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. கொலஸ்ட்ராலை இறாலால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது, தீனியில்தான் கிடைக்க வேண்டும். கணவாயில் அது நிறைய உண்டு. ஆக, என் வரியில் பாதி சரிதான் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

ஹேச்சரியில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை (கண்ணைத் தாங்கும் காம்பை) நீக்குவதை அவர் பார்த்திருப்பார். சினை வளர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் காம்பில்தான் சுரக்கிறது. காம்பை எடுத்தால் சினை வளரும் என்று பனூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1943இலேயே காட்டிவிட்டார். காரணம் புரிந்தும் எனக்கு அந்தக் காட்சி பிடிப்பதில்லை.

முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸ் குஞ்சு ஏறக்குறைய இரண்டு நாள் எதையும் தின்னாது. தாய் கட்டிக்கொடுத்த இந்தச் சோறுதான்.

உங்கள் ஊர் ஏலத்தில் ப்ளவர் இறால் என்கிற கடல் இறால் வந்தால் முதுகைப் பாருங்கள். தலையிலிருந்து வால் வரை அகலமாகக் கரும்பச்சை ஓடினால் சினை. (மெல்லிய கறுப்புக் கோடு குடல், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சட்டியில் போட்டதும் பச்சை ஆரஞ்சாகிவிடும். புரதம் பிடித்து வைத்திருந்த நிறமியைச் சூடு பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். குட்டையில் வளர்த்த வனாமி இறாலில் மட்டும் தேடாதீர்கள். சினைப் பருவத்துக்கு முன்னாலேயே, நான்கு மாதத்துக்குள் பிடித்துவிடுகிறார்கள்.