வரிசை எங்கே இருக்கிறது? அமெரிக்க எல்லையும் குடியேற்றச் சட்டமும்: கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. படிவம் நிரப்புவது, ஃபைல் கட்டுவது, தமிழில் பேச வருகிறவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டு எழுதுவது என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். உங்கள் சொந்த கேஸுக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே ஆகவேண்டும்.

டாலஸ், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்: அக்கா, 12 வருஷமா வரி கட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறோம். எல்லை தாண்டிக் குதிச்சு வந்தவங்களுக்கு மட்டும் எதுக்கு இரக்கம்? அவங்களும் எங்களை மாதிரி வரிசையில வரட்டுமே.

உங்கள் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை தம்பி. அது போய்ச் சேரும் இடம்தான் தப்பு.

உங்களைக் காக்க வைத்திருப்பது 1990ஆம் வருஷத்துச் சட்டம். வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000 என்று அதில் எழுதினார்கள். மனைவி, பிள்ளைகளும் அந்த எண்ணிக்கைக்குள்தான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. மேல்படிப்பு படித்தவர்களுக்கான ஈபி-2 பிரிவில் கணக்குப் போட்டால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 2,800 கார்டு. மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டால் கொஞ்சம் கூட வரும். எந்தத் தேதியில் வரிசையில் சேர்ந்தவருக்கு முறை வந்தது என்று அரசு மாதாமாதம் போடும் பட்டியல்தான் விசா புல்லட்டின். 2025ஆம் வருஷம் முழுக்க அதில் இந்திய ஈபி-2 தேதி 2012, 2013லேயே நகர்ந்துகொண்டிருந்ததற்கு இதுதான் காரணம்.

மெக்ஸிகோ எல்லையில் ஓடும் ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி வந்தவர் இந்த 2,800ல் ஒன்றைக்கூட எடுப்பதில்லை. புகலிடம் கிடைத்தவர்களுக்கான கிரீன் கார்டு வேறு கணக்கு. அவர் வராமலே இருந்திருந்தாலும் உங்கள் பிரையாரிட்டி தேதிக்கு, அதாவது நீங்கள் வரிசையில் சேர்ந்த தேதிக்கு, முறை ஒரு நாள்கூட முன்னால் வந்திருக்காது.

"வரிசையில் வரட்டும்" என்பதை நானும் முதல் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு தோட்ட வேலைக்காரருக்கு எந்த வரிசை என்று என் வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பட்டமோ தொழிற்பயிற்சியோ இல்லாதவர்களுக்கு, உலகம் முழுமைக்கும் சேர்த்து, வருஷத்துக்கு அதிகபட்சம் 10,000 கார்டு. 1997ல் வந்த இன்னொரு சட்டத்தால் அதிலும் பல வருஷம் பாதியை வெட்டினார்கள். எச்-2ஏ என்ற பருவ கால விசா இருக்கிறது. அறுவடை முடிந்தால் திரும்பிவிட வேண்டும், அதன் வழியில் கிரீன் கார்டு இல்லை. உங்களுக்கு நத்தை வேகத்தில் நகரும் வரிசை. அவருக்கு வரிசையே இல்லை.

சென்னை, சட்டக் கல்லூரி மாணவி: மெக்ஸிகோக்காரர்கள் காலங்காலமாக வந்துபோய்க்கொண்டுதானே இருந்தார்கள்? எப்போது இது "சட்டவிரோதம்" ஆனது?

நல்ல கேள்வி கண்ணு. 1942லிருந்து 1964 வரை பிரசெரோ என்று ஒரு திட்டம் இருந்தது. அமெரிக்காவே ஒப்பந்தம் போட்டு மெக்ஸிகோ ஆட்களை வயல் வேலைக்குக் கூட்டிவந்தது. மொத்தம் 46 லட்சம் ஒப்பந்தங்கள். ஒரே ஆள் பல தடவை வந்துபோன கணக்கும் அதில் சேரும். 1964ல் திட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட 1965 சட்டம் வந்தது. ஐரோப்பாவுக்கு மட்டும் சலுகை காட்டிய பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம் அது. நாமெல்லாம் இங்கே இருப்பதே அதனால்தான். ஆனால் அதே சட்டம்தான் மெக்ஸிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு முதன்முதலாக எண்ணிக்கை வரம்பு வைத்தது. வயல் அதே வயல், முதலாளி அதே முதலாளி, வேலைக்காரனும் அதே ஆள். சட்டப்படி இருப்பதற்கான காகிதம் மட்டும் இல்லாமல் போனது.

அப்போதும் பெரும்பாலானவர்கள் அறுவடைக்கு வந்துவிட்டு வீடு திரும்பினார்கள். 1994ல் சான் டியேகோ பக்கம் "ஆபரேஷன் கேட்கீப்பர்" என்று எல்லையை இறுக்கினார்கள். கடப்பது ஆபத்தாகவும் செலவாகவும் ஆனது. திரும்பிப் போனால் மறுபடி வர முடியுமோ என்ற பயத்தில் ஆட்கள் இங்கேயே தங்கினார்கள், பெண்டாட்டி பிள்ளைகளையும் வரவழைத்தார்கள். 1996 சட்டம் இன்னொரு பூட்டைப் போட்டது: ஒரு வருஷம் காகிதமில்லாமல் இருந்துவிட்டு வெளியே போனால் 10 வருஷம் உள்ளே வர முடியாது. பியூ ஆய்வு மையக் கணக்குப்படி காகிதமில்லாதவர்கள் 1990ல் சுமார் 35 லட்சம், 2007ல் 1.22 கோடி. வராமல் தடுக்கப் போட்ட வேலி, போகவிடாமல் அடைத்ததில்தான் அதிகம் வேலை செய்தது என்பது என் கருத்து.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: என் பேத்தி நாலு வயசுல அங்க போனா. வர்ற மார்ச்ல 21 முடியுது. "ஏஜ் அவுட்" ஆயிடும்னு பையன் ராத்திரி தூங்காம கிடக்கான். அப்படின்னா என்னம்மா?

அம்மா, 21 வயது ஆனால் அப்பாவின் எச்-1பியைச் சார்ந்து வாங்கிய எச்-4 விசா முடிந்துவிடும். அப்பாவின் கிரீன் கார்டு மனுவிலும் அவள் "குழந்தை" இல்லை என்று ஆகிவிடும்.

உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். கிரீன் கார்டுக்காக அவருடைய கம்பெனி போட்ட ஐ-140 மனு எத்தனை மாதம் நிலுவையில் இருந்தது? 2002ல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்த மாதங்களை வயதிலிருந்து கழிப்பார்கள். எட்டு மாதம் நிலுவையில் இருந்திருந்தால் 21 வயது 8 மாதம் வரைக்கும் கணக்கு தாங்கும். ஆனால் அதற்குள் பிரையாரிட்டி தேதி வந்தாக வேண்டும். ஐ-140ஐக் கூடுதல் கட்டணம் கட்டி 15 நாளில் வாங்கியிருந்தால் கழிக்க ஒன்றுமே இருக்காது. அவசரப்பட்டுக் கட்டிய அந்தப் பணத்தை நினைத்து என் எதிரில் ஒரு தகப்பன் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய மகள் இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறி, வெளிநாட்டு மாணவி என்று கட்டணம் கட்டிப் படித்தாள். விசா படிவத்தில் "சொந்த நாட்டு முகவரி" என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கோயம்புத்தூரில் பாட்டி வீட்டுக் கதவு எண் அவளுக்குத் தெரியவில்லை.

பேத்திக்கு எஃப்-1 மாற்றத்தைப் பிறந்தநாளுக்குப் பல மாதம் முன்பே போடச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ, கனடா: அக்கா, அமெரிக்க எல்லையில பிடிபடுற எங்கட ஆக்களின்ர கேஸ் ஏன் இவ்வளவு கெதியாத் தள்ளுபடி ஆகுது? சொல்ல வாய்ப்பே குடுக்கிறதில்லையோ?

அண்ணா, இதைப் பற்றி நானே எழுதவேண்டும் என்றிருந்தேன். இந்த விஷயத்தில் அமெரிக்கா முழுமைக்கும் சட்டமாகிவிட்ட தீர்ப்பு ஒரு ஈழத் தமிழருடைய வழக்கில் வந்ததுதான்.

2017 தொடக்கத்தில் மெக்ஸிகோ எல்லையைத் தாண்டி 25 கஜத்தில், அதாவது 23 மீட்டரில், அவரைப் பிடித்தார்கள். 1996 சட்டம் கொண்டுவந்த "துரித வெளியேற்றம்" என்ற முறை அவர்மேல் பாய்ந்தது. அதில் நீதிபதி முன் முழு விசாரணை கிடையாது. நம்பத்தகுந்த பயம் இருக்கிறதா என்று ஒரு அதிகாரி நேர்காணல் செய்வார். தன்னை ஆட்கள் வேனில் கடத்திப்போய் அடித்தார்கள் என்று அவர் சொன்னார். அதிகாரி அதை நம்பினார். ஆனால் யார், எதற்காக அடித்தார்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. புகலிடச் சட்டத்தில் அடி வாங்கினால் மட்டும் போதாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்து காரணங்களில் ஒன்றால் வாங்கியிருக்க வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டது. தமிழர் அரசியல் சார்பினால் தனக்கு ஆபத்து என்ற காரணம் பிறகு நீதிமன்றத்தில் போட்ட மனுவில்தான் வந்தது.

ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அதை மாற்றியது. அந்த அதிகாரியின் முடிவை ஆட்கொணர்வு மனு போட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலிட்டோ. சோட்டோமாயரும் கேகனும் எதிர்த்தார்கள்.

நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "வந்தவங்கள், கண்ணைக் கட்டினவங்கள், அடிச்சவங்கள்" என்பார்கள். "எதற்கு?" என்று கேட்டால், "எங்களுக்கு என்னண்டு தெரியும்" என்று தலையைக் குனிவார்கள். வேனில் வந்தவன் அடையாள அட்டை காட்டிக் காரணம் சொல்லிவிட்டா ஏற்றினான்? என் எதிரில் உட்கார்ந்தவரிடம் நான் மூன்றாவது தடவை, நான்காவது தடவை கேட்ட பிறகுதான் தேர்தலில் யாருக்குச் சுவரொட்டி ஒட்டினார் என்பது வெளியே வரும். தடுப்பு முகாமில், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் குரலைக் கேட்டுப் பதில் சொல்கிறவருக்கு அந்த நாலாவது தடவை கிடைப்பதில்லை.

உறவுக்காரர் யாராவது அந்த நிலையில் இருந்தால், நேர்காணலுக்கு முன் வழக்கறிஞரோடு பேசவிடுங்கள். அடித்ததை மட்டும் சொல்லாமல், தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று தான் நினைப்பதையும் சொல்லச் சொல்லுங்கள். உண்மையை மட்டும்.

கும்பகோணம்: மெக்ஸிகோ வழியா கொண்டுபோய் விட்டுடறேன், அங்க போனதும் கேஸ் போட்டு வேலை பார்க்கலாம்னு ஏஜென்ட் சொல்றார். நிலத்தை வித்துப் போகலாமா?

வேண்டாம் தம்பி. நிலத்தை விற்காதீர்கள்.

2025 ஜனவரி 20லிருந்து தெற்கு எல்லையில் புகலிடம் கேட்கும் வழியை அடைக்க உத்தரவு போட்டு அமல்படுத்த ஆரம்பித்தார்கள். அந்த பிப்ரவரி 5ஆம் தேதி 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் ஏற்றி, கையிலும் காலிலும் விலங்கு போட்டு அமிர்தசரஸில் இறக்கியதைப் பார்த்திருப்பீர்கள். கனடா வழியாக என்று சொன்னாலும் நம்பாதீர்கள். 2022 ஜனவரியில் குஜராத்தின் டிங்குச்சா கிராமத்துக் குடும்பம் ஒன்று மனிடோபாவில் எமர்சன் அருகே பனியில் உறைந்து கிடந்தது. அப்பா, அம்மா, 11 வயது மகள், 3 வயது மகன். எல்லைக்கோடு சில மீட்டர் தூரத்தில் இருந்தது.

பெங்களூரு: சுவர் கட்டினதால்தானே வருகிறவர்கள் குறைந்தார்கள்?

எல்லை சுமார் 3,145 கிலோமீட்டர். 2023 டிசம்பரில் மட்டும் எல்லைக் காவல் படை பிடித்தது சுமார் 2,50,000 பேரை. 2025 வசந்த காலத்தில் மாதம் 10,000க்கும் கீழே போனது. இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சரிவு 2024லேயே தொடங்கிவிட்டது. மெக்ஸிகோ தன் பக்கம் பிடித்து நிறுத்தியது, அந்த ஜூனில் பைடன் புகலிடத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார். பிறகு டிரம்ப் கதவையே சாத்தினார். இடையில் சுவர் பெரிதாக வளரவில்லை.

சென்னை, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்: இரண்டு கட்சிகளும் "சீர்திருத்தம் வேண்டும்" என்கின்றன. ஏன் நடக்கவில்லை?

காகிதமில்லாதவர்களுக்கும் வழி தந்த பெரிய சீர்திருத்தம் கடைசியாக நடந்தது 1986ல். அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். சுமார் 27 லட்சம் பேருக்குக் காகிதம் கிடைத்தது. பதிலுக்கு, காகிதமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்றார்கள். முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி பெயரளவுக்குத்தான் நடந்தது. "பொதுமன்னிப்பு கொடுத்தோம், ஏமாந்தோம்" என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்றுவரை சொல்வதற்கு அது ஒரு நியாயமான காரணம்.

2013ல் செனட் 68க்கு 32 என்று ஒரு பெரிய மசோதாவை நிறைவேற்றியது. எல்லையில் சுமார் 20,000 காவலர்கள் கூடுதல், காகிதமில்லாதவர்களுக்கு 13 வருஷத்தில் குடியுரிமைக்கு வழி, வேலை கிரீன் கார்டில் நாட்டுவாரி வரம்பு நீக்கம். மூன்றும் ஒரே கட்டில். பிரதிநிதிகள் சபையில் அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை.

2024 பிப்ரவரி மசோதாவைப் பற்றி டாலஸ் தம்பியும் மதுரை அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டும். லாங்க்ஃபோர்டு, மர்ஃபி, கிர்ஸ்டன் சினிமா என்ற மூன்று செனட்டர்கள் எழுதியது. புகலிட விதிகளைக் கடுமையாக்கியது, கூட்டம் மிஞ்சினால் எல்லையை மூடும் அதிகாரம் தந்தது. அதே மசோதாவின் உள்ளே வருஷத்துக்கு 50,000 கூடுதல் கிரீன் கார்டு ஐந்து வருஷத்துக்கு இருந்தது. எச்-1பி பெற்றோரின் பிள்ளைகள் 21 வயதில் தள்ளப்படாமல் இருக்கவும் பிரிவு இருந்தது. டிரம்ப் வேண்டாம் என்றார். புலம்பெயர்ந்தோர் பக்கம் நிற்கும் சில ஜனநாயகக் கட்சிக்காரர்களும் எதிர்த்தார்கள். 60 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 49 விழுந்தது. நம் சங்கக் கூட்டங்களில் அதை "எல்லை மசோதா" என்று சொல்லிக் கடந்துபோனோம். நம் பிள்ளைகளின் பெயர் அதில் இருந்தது.

ஃப்ரீமாண்ட்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எல்லையைத் திறந்துவிட வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. யார் வருகிறார்கள் என்று பார்க்கவும், சட்டப்படி தோற்றவரைத் திருப்பி அனுப்பவும் ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. தோற்றவர் யாரென்று ஒழுங்காக முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கும் மேல் வழக்கு தேங்கியிருக்கிறது. நியாயமான கேஸ் உள்ளவர் நாலைந்து வருஷம் தவிக்கிறார். பொய்க் கேஸ் போட்டவருக்கு அதே நாலைந்து வருஷம் லாபம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் தடுப்பு முகாம்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் ஒரு சிறு பங்கை நீதிபதிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கொடுத்தால் உண்மையும் பொய்யும் ஆறு மாதத்தில் பிரியும்.

இன்னொன்று, "ரெஜிஸ்ட்ரி" என்று பழைய பிரிவு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கு முன் வந்து, ஒழுக்கமாக இங்கேயே வாழ்ந்தவருக்குக் கிரீன் கார்டு. அந்தத் தேதி இன்றைக்கும் 1972 ஜனவரி 1. கடைசியாகத் திருத்தியது 1986ல். பெரிய புதுச் சட்டம்கூட வேண்டாம், அந்த ஒரு வரியில் வருஷத்தை மாற்றினால் போதும்.

திருச்சி: எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமாமே?

2025 செப்டம்பர் 21லிருந்து போடும் புது மனுக்களுக்கு, முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவரை வரவழைக்க, என்று உத்தரவு போட்டார்கள். இங்கேயே எஃப்-1ல் இருந்து எச்-1பிக்கு மாறுகிறவருக்குப் பொருந்தாது என்று அந்த அக்டோபரில் விளக்கம் தந்தார்கள். வழக்குகள் நடந்தன, மனு போடும் நாளில் என்ன நிலை என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எடிசன்: கடைக்குப் போகும்போதுகூட பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள வேண்டுமா? அப்பா அம்மா வந்திருக்கிறார்கள்.

18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம்தான். 2025 ஏப்ரலிலிருந்து அழுத்திச் சொல்கிறார்கள். உங்கள் பெற்றோருக்கு, நாட்டுக்குள் நுழைந்தபோது பதிவான ஐ-94தான் அந்த ஆவணம். இணையத்தில் எடுத்து அச்சிட்டு, நாலாக மடித்து, அம்மாவின் சுருக்குப் பையில் வைத்துவிடுங்கள். கிளம்ப வேண்டிய தேதி அதில்தான் இருக்கும். விசா ஒட்டிய பக்கத்தில் இருக்கும் தேதியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.