டி-34/85 மாடல் டாங்கி: கைப்பிடி, கேபிள், வெல்டிங் தழும்பு எல்லாம் கையாலேயே செய்வது எப்படி?

கேள்வி: 1/35 அளவில் (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) டி-34/85 என்ற இரண்டாம் உலகப் போர்க் கால சோவியத் டாங்கியின் பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். போட்டோ எட்ச் பித்தளை செட்டின் (மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்கள்) விலை கிட் விலையையே தாண்டுகிறது. அதனால் கைப்பிடி, இழுவைக் கேபிள், வெல்டிங் கோடு, வார்ப்புச் சொரசொரப்பு எல்லாவற்றையும் கையால் செய்யப் பார்க்கிறேன். முதல் முயற்சியில் கைப்பிடிகள் ஒன்று உயரம், ஒன்று குள்ளம். பசை வைத்த இடமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. டரட்டின் (பீரங்கி உள்ள சுழலும் மேல்கூண்டு) ஒரு பக்கம் இளகி அமுங்கிவிட்டது. எங்கே தொடங்குவது, என்ன வாங்குவது?

பதில்: உங்கள் மூன்று பிரச்சினைக்கும் வழி இருக்கிறது, டரட் உட்பட. அதற்கு முன் ஒரு கணக்கு. மாடலில் எந்தப் பாகத்தின் தடிமனையும் வெர்னியரால் அளந்து 35-ஆல் பெருக்குங்கள். மட்கார்டு விளிம்பு 0.8 மி.மீ. என்று வந்தால், நிஜத்தில் அது 28 மி.மீ. தகடு என்று அர்த்தம். டி-34-ன் உடல் கவசமே 45 மி.மீ.தான், மாடலில் அது 1.3 மி.மீ. வர வேண்டும். கவசத்தில் பாதிக்கு மேல் கனமாக மட்கார்டு இருந்தால் கண்ணுக்குப் பொம்மையாகத்தான் படும். பெயின்ட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் இது மறையாது. ஆகவே புதிதாக எதையும் ஒட்டுவதற்கு முன்னால் இருப்பதை மெலிதாக்குங்கள். மட்கார்டின் அடிப்பக்கத்தை, விளிம்பிலிருந்து 3 மி.மீ. அகலத்துக்கு, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிச் சரிவாக்கினால் போதும். பார்ப்பவர் கண்ணுக்கு விளிம்பு மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, எந்தத் தொழிற்சாலையின் டாங்கி என்று முடிவு செய்யுங்கள். 1944-ல் உற்பத்திக்கு வந்த டி-34/85-ஐ நிஷ்னி தகீலில் 183-ம் எண் ஆலை, கோர்க்கியில் 112-ம் எண் கிராஸ்னயே சோர்மோவோ ஆலை, ஓம்ஸ்கில் 174-ம் எண் ஆலை என்று மூன்று இடங்களில் செய்தார்கள். டரட்டின் வார்ப்புத் தையல் (அச்சின் பாகங்கள் சேர்ந்த கோடு), கைப்பிடிகளின் இடம் எல்லாம் ஆலைக்கு ஆலை மாறும். ஒரு படத்தில் பார்த்த கைப்பிடியையும் இன்னொரு படத்தில் பார்த்த தையலையும் ஒரே வண்டியில் சேர்த்தால், விஷயம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். ஒரே வண்டியை நாலு பக்கமும் காட்டும் படங்களாகத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. பின் வைஸ் (கையால் சுழற்றும் சிறு துளைக் கருவி) ஒன்று, 0.5 மி.மீ. டிரில் பிட் நாலைந்து (உடையும், நிச்சயமாக உடையும்), மெல்லிய திரவ சிமென்ட் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை), சாம்பல் நிற மாடல் புட்டி, சூப்பர் க்ளூ, 400, 600, 800 எண் உப்புத்தாள். மீதி வீட்டிலோ எலக்ட்ரிக்கல் கடையிலோ கிடைக்கும்.

கைப்பிடிக்குக் கம்பி வாங்க வேண்டாம், பழைய லேன் கேபிள் துண்டு ஒன்று போதும். அதற்குள் எட்டு ஒற்றைச் செம்புக் கம்பிகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 0.5 மி.மீ. மாடலில் 0.5 என்றால் நிஜத்தில் 17.5 மி.மீ. கம்பி, வீரர்கள் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன கைப்பிடிக்குப் பொருத்தமான தடிமன். இரண்டு எச்சரிக்கை: இரு முனையிலும் பிளக் வைத்து விற்கும் பேட்ச் கார்டு பெரும்பாலும் பல இழை, அது உதவாது. மலிவான கேபிளில் செம்புப் பூச்சு கொடுத்த அலுமினியம் இருக்கும். இரண்டு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளி வையுங்கள்.

கிட்டில் அச்சாக வந்திருக்கும் கைப்பிடியை முதலில் வெட்டிவிடாதீர்கள். பலரும் செய்கிற தவறு இது. வெட்டிய பிறகு இடம் தெரியாது. அச்சுக் கைப்பிடியின் இரு முனையிலும் ஊசியால் ஒரு குழி குத்துங்கள். டரட் வளைந்த பரப்பு என்பதால் குழி இல்லாவிட்டால் பிட் வழுக்கும். அந்தக் குழியில் 0.5 பிட்டை வைத்துத் துளை போடுங்கள். எல்லாத் துளையும் போட்டு முடித்த பிறகுதான் பிளாஸ்டிக் கைப்பிடியைத் தட்டை முனைக் கத்தியால் சீவி, 400, பிறகு 800 உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

இரண்டு துளைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதைவிட 0.5 மி.மீ. குறைவான அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை வெட்டுங்கள். கம்பியை அதன்மேல் மடித்தால், கம்பியின் தடிமனும் சேர்ந்து கால்களின் நடுத்தூரம் துளைக்குச் சரியாக அமையும். எல்லாக் கைப்பிடியையும் அதே பட்டையில் மடியுங்கள். கால்களை 4 மி.மீ. நீளம் விடுங்கள். துளையில் செருகும்போது கைப்பிடிக்கும் டரட்டுக்கும் நடுவில் 1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து, கைப்பிடி அதில் உட்காரும்வரை அழுத்துங்கள். பசை இறுகியதும் துண்டை உருவிக்கொள்ளலாம். உங்கள் கைப்பிடிகள் ஏறி இறங்கி நின்றது இந்தத் துண்டு இல்லாததால்தான். 1 மி.மீ. என்பது நிஜத்தில் மூன்றரை செ.மீ. இடைவெளி; கையுறை போட்ட விரல் நுழைகிற அளவு.

வெள்ளை பூப்பதற்கு வருவோம். சூப்பர் க்ளூ இறுகும்போது அதிலிருந்து எழும் ஆவி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்துப் பரப்பில் வெண்பொடியாகப் படியும். பசை அதிகமாக இருந்தாலும் மூடிய அறையில் வேலை செய்தாலும் இது கூடும். கால்களை 4 மி.மீ. விடச் சொன்னது இதற்காகத்தான்: கால்கள் டரட்டின் உட்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்; பசையை உள்ளிருந்து வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தால் போதும். வெளியே ஒரு துளிப் பசையும் வராது. ஏற்கெனவே பூத்த வெள்ளைக்குப் பயப்பட வேண்டாம், பிரைமர் அடித்ததும் மறைந்துவிடும். ஆனால் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்துவிடாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

அடுத்தது டரட் சொரசொரப்பு. டரட்டின் பக்கச் சுவர்கள் மண் அச்சில் வார்த்த எஃகு. ஆனால் மேல்கூரை உருட்டித் தயாரித்த தகடு, அதை வெட்டி மேலே பற்றவைத்தார்கள். உடல் கவசமும் உருட்டிய தகடுதான். ஆகவே சொரசொரப்பு டரட் பக்கவாட்டிலும் பீரங்கிக் குழலின் அடியிலுள்ள முகமூடிக் கவசத்திலும் மட்டும். கூரையும் உடலும் வழவழப்பாக இருக்கட்டும். ஆசையில் டாங்கி முழுக்கச் சொரசொரப்பு அடித்த மாடல்கள் நிறைய உண்டு. செய்த உழைப்பே வேலையைக் கெடுத்துவிடும்.

பட்டாணி அளவு புட்டியில் ஐந்தாறு சொட்டு திரவ சிமென்ட் விட்டு, கெட்டித் தயிர் பதத்துக்குக் கலக்குங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் மெல்லியதாகப் பூசி, அரை நிமிடம் விட்டு, முடி குட்டையாக வெட்டிய கடினமான பிரஷ்ஷின் நுனியால் நேராகக் குத்துங்கள், இழுக்கக் கூடாது. அது முடிந்ததும் அடுத்த கட்டைவிரல் அகலம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 600 உப்புத்தாளால் மேடுகளின் தலையை மட்டும் லேசாகத் தட்டுங்கள். மேடு 0.1 மி.மீ. இருந்தாலே நிஜத்தில் 3.5 மி.மீ.; எலுமிச்சைத் தோலைவிட நுண்ணியதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சுவருக்கு அடித்த சிமென்ட் பூச்சு மாதிரி ஆகிவிடும்.

உங்கள் டரட் அமுங்கியது இங்கேதான். கலவை கனமாகப் பூசப்பட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் கரைப்பான் மாட்டிக்கொள்ளும். வெளியேற வழியில்லாமல் அது கீழே உள்ள பிளாஸ்டிக்கை இளக்கும். அதை விரலால் பிடித்தால் குழி விழும். இப்போது அதைத் தொடாமல் ஒரு வாரம் விடுங்கள், இறுகிவிடும். பிறகு குழியை எம்-சீல் போன்ற இரண்டு பாக எபாக்ஸியால் நிரப்பித் தேயுங்கள். அதில் கரைப்பான் இல்லை, பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. அதன்மேல் சொரசொரப்பை மறுபடி ஏற்றலாம், மெல்லியதாக, இரண்டு தடவையாக, நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு.

வெல்டிங் தழும்புக்கு ஸ்ப்ரூ சட்டமே மூலப்பொருள். பாகங்களை வெட்டிய பின் மிஞ்சும் சட்டத்தில் ஒரு சாண் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு விரல் மேலே பிடித்து உருட்டுங்கள். நடுப்பகுதி தொய்ந்ததும் சுடரை விட்டு வெளியே எடுத்து, பிறகு இழுங்கள். சுடரில் வைத்தபடியே இழுத்தால் அறுந்துவிடும். மெதுவாக இழுத்தால் தடித்த இழை, வேகமாக இழுத்தால் மெல்லிய இழை. நமக்கு வேண்டியது 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமன். தகடுகள் சேரும் கோட்டில் கத்தி முதுகால் ஆழமில்லாத பள்ளம் கீறி, இழையை அதில் கிடத்தி, திரவ சிமென்ட்டை ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை தடவுங்கள். இழை வெண்ணெய் போல இளகியதும் பதிக்கலாம்.

பதிக்க நல்ல கருவி 26-ம் எண் சிரிஞ்ச் ஊசி. அதன் வெளி விட்டம் சுமார் 0.45 மி.மீ. புதிய ஊசியாக வாங்கி, முனையைத் தட்டையாக அரத்தில் தேய்த்து, வாயில் பாதியை நீக்கிவிட்டால் பிறை வடிவம் கிடைக்கும். 0.3 மி.மீ. விட்டு விட்டு, எப்போதும் ஒரே பக்கம் பார்த்து அழுத்திக்கொண்டே போனால் கையால் அடித்த வெல்டிங் கண்முன்னே எழும்.

ஆனால் எல்லாத் தழும்பையும் இப்படிச் செய்யக் கூடாது. 1941-ல் கீவிலிருந்து நிஷ்னி தகீலுக்கு இடம்பெயர்ந்த எவ்கேனி பட்டோனின் நிறுவனம், டி-34 உடல்களைத் தானியங்கி வெல்டிங் முறையில் இணைக்க வழி செய்தது. பொடிக்கு அடியில் இயந்திரம் ஓட்டும் அந்த வெல்டிங், மேடு பள்ளம் இல்லாத சீரான கோடாக வரும். நீளமான நேர்கோட்டு இணைப்புகளில் படத்தைப் பார்த்து, சீராக இருந்தால் இழையை இளக்கி விரலால் லேசாக அமுக்கினால் போதும். ஊசி வேலையைக் குட்டையான, வளைந்த, மூலையிலுள்ள இணைப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சீரற்று இருப்பதே சரி.

இழுவைக் கேபிளுக்கு நூல் வேண்டாம். எவ்வளவு மெழுகு பூசினாலும் பஞ்சு முடி நிற்கும். பெயின்ட் அடித்ததும் இன்னும் எடுப்பாகத் தெரியும். 0.5 சதுர மி.மீ. ஃப்ளெக்ஸ் வயரை உரித்தால் 0.2 மி.மீ. தடிமனில் 16 இழை இருக்கும். அதில் ஏழு போதும். ஒன்று நடுவில், ஆறு அதைச் சுற்றி. முறுக்கினால் இழையின் மூன்று மடங்கு, அதாவது 0.6 மி.மீ. வரும். நிஜத்தில் 21 மி.மீ. எஃகு வடம். வேண்டிய நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு எடுங்கள், முறுக்கும்போது சுருங்கும். ஒரு முனையை ஆணியில் கட்டி, மறு முனையை டிரில் சக்கில் பிடித்து, இழுத்த நிலையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். தொய்வு விட்டால் நடு இழை வெளியே பிதுங்கிவிடும். முறுக்கி முடித்ததும் சுடரின் ஊடே சட்டென்று ஓட்டி எடுங்கள். சூட்டில் செம்பு மென்மையாகிவிடும். பிறகு ஸ்ப்ரிங் மாதிரித் துள்ளாமல் வளைத்த இடத்திலேயே தொய்ந்து கிடக்கும். நிறுத்திப் பிடித்தால் இவ்வளவு மெல்லிய இழை உருகிவிடும். கிட்டில் வந்த கண்ணி முனைகளை மட்டும் வெட்டி எடுத்து, அடியில் 0.6 அல்லது 0.7 பிட்டால் 2 மி.மீ. ஆழம் துளைத்துக் கேபிளைச் செருகுங்கள்.

பின்புறம் காற்று வெளியேறும் வலையைக் கிட்டில் ஓட்டையில்லாத பிளாஸ்டிக்காக விட்டிருந்தால் அதை அறுத்தெடுத்து உண்மையான வலை வைக்கலாம். டீ வடிகட்டியைப் பலர் சொல்வார்கள். கண்ணின் அளவை அளந்து 35-ஆல் பெருக்கிப் பாருங்கள். 0.7 மி.மீ. கண் என்றால் நிஜத்தில் இரண்டரை செ.மீ. ஓட்டை, ரொம்பப் பெரிது. பெட்ரோல் ஃபில்டருக்குள் இருக்கும் நுண்வலை தேவலாம்.

வெளி எண்ணெய் டிரம்களின் பட்டைக்கு, ஹோட்டல் பார்சல் அலுமினிய டப்பாவை 0.8 மி.மீ. அகல நாடாவாக வெட்டிப் பயன்படுத்துங்கள். அதே தகட்டில் மட்கார்டின் முன்னோரம் ஒன்றைப் புதிதாக வெட்டி ஒட்டினால் நிஜமாகவே நசுக்கலாம். பக்கத்தில் கட்டும் மரக்கட்டைக்கு மரக்குச்சியேதான் வேண்டும். 20 செ.மீ. கட்டைக்கு 5.7 மி.மீ. தடிமன். காய்ந்த மருதாணிக் குச்சியின் பட்டை நுண்ணியது, நன்றாகப் பொருந்தும். தார்ப்பாய்ச் சுருளுக்கு டிஷ்யூ பேப்பரைச் சமஅளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஈரத்தோடே சுருட்டி, கட்டும் இடத்தில் வைத்தே காயவிடுங்கள்.

வேலை வரிசை: முதலில் துளை, பிறகு சீவல், பிறகு சொரசொரப்பு, வெல்டிங், கடைசியில்தான் கம்பியும் தகடும். மாற்றிச் செய்தால் சொரசொரப்பு குத்தும் பிரஷ் கைப்பிடியில் இடிக்கும், உப்புத்தாள் பிடிக்க இடம் இருக்காது. திரவ சிமென்ட் உலோகத்தைப் பிடிக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். கம்பிக்கும் தகட்டுக்கும் சூப்பர் க்ளூதான்.

எல்லாம் முடிந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் உலோகப் பாகங்களில் விரல் எண்ணெயைத் துடைத்து, சாம்பல் நிற லாக்கர் பிரைமர் மெல்லியதாக அடியுங்கள். வெறும் செம்பிலும் அலுமினியத்திலும் அக்ரிலிக் பெயின்ட் நிற்காது, நகம் பட்டாலே உரியும். பிரைமர் காய்ந்ததும் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சீவிய கைப்பிடியின் நிழல், வெல்டிங் இழை தூக்கி நிற்கும் இடம், கூரையில் தெறித்த புட்டி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அவற்றைச் சரிசெய்து அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் அடித்துவிட்டுப் பச்சை பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.