சேமிப்பு முழுவதையும் கொட்டகையில் போடலாமா?

கேள்வி: எங்களிடம் சிறிய நிலமும் மூன்று கறவை மாடுகளும் இருக்கின்றன. பத்து மாடுகள் வரை பெருக்க ஆசை. பத்துக்கும் சேர்த்துக் கொட்டகையும் வைக்கோல் அறையும் இப்போதே கட்டிவிடலாம் என்கிறார் கணவர். கையிருப்பு முழுவதும் போய், கொஞ்சம் கடனும் வாங்க வேண்டிவரும். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பத்துக்கு வரைபடம் போடுங்கள், ஐந்துக்குக் கட்டுங்கள். ஒரு பக்கத்தை நீட்டிக் கட்ட வசதியாக விட்டுவைத்தால் போதும்.

அவசரம் வந்தால் ஒரு மாட்டை விற்றுப் பணமாக்கலாம். கொட்டகையைத் தனியாக யாரும் வாங்க மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் ஏழு மாட்டு இடத்துக்கும் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய பசு ஒன்றுக்குக் கூரைக்குக் கீழே சுமார் 40 சதுர அடியும், உலாவ அதைப்போல் இரண்டு மடங்கு திறந்தவெளியும் வேண்டும். ஐந்து மாட்டுக்குக் கூரை 200 சதுர அடி, தீவனத் தொட்டியும் நடைபாதையும் தனி. பத்துக்குப் போனால் இது அப்படியே இரட்டிப்பாகும்.

எதில் சிக்கனம் பிடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தளத்திலும் வடிகாலிலும் ஒருபோதும் கை வைக்காதீர்கள். 40 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு கொடுத்து, வழுக்காதபடி சொரசொரப்பாகத் தளம் போடுங்கள். ஈரம் தேங்கினால் குளம்பு அழுகலும் மடிநோயும் வரும். மடிநோய்க்கு மருந்து போட்ட நாட்களில் பாலை விற்க முடியாது. வைத்தியச் செலவோடு அந்த இழப்பும் சேரும். சுவரில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். கடுங்குளிர் இல்லாத இடத்தில் அரைச்சுவரே நல்லது. காற்றோட்டம் இருந்தால் சாணம், மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா உள்ளே தங்காது.

அப்புறம் கடன். பசு ஓர் ஈற்றுக்குச் சுமார் 305 நாட்கள் கறக்கும், அடுத்த கன்றுக்கு முன் 60 நாட்கள் வற்றவிட வேண்டும். அதாவது பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு தவணை கட்டுகிறீர்கள். கிடேரி வாங்கினால் இன்னும் சிரமம். அது சினை பிடித்த பிறகும் கன்று ஈன ஒன்பது மாதத்துக்கு மேலாகும், அதுவரை தீவனச் செலவு மட்டும்தான். ஆகவே, பால் வரத் தொடங்கும் வரை தவணைக்கு அவகாசம் கேளுங்கள். மாடுகள் ஒரே சமயத்தில் வற்றாதபடி சினை ஊசி போடும் மாதங்களைப் பிரித்து வையுங்கள். ஆறு மாதத் தீவனத்துக்கும் தவணைக்கும் ஆகும் பணத்தை முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சுவதுதான் கட்டடத்துக்கு.

வைக்கோல் அறையைக் கொட்டகையோடு ஒட்டிக் கட்ட வேண்டாம். சரியாகக் காயாத வைக்கோல் போருக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். இப்போதைக்கு, எட்டத்தில் மேடான இடத்தில் நாலு தூண் நட்டு ஒரு கூரை போட்டாலே போதும். காப்பீடு எடுக்கும்போது கட்டடத்தோடு மாடும் தீவனமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.