அக்குள் மஞ்சள் கறைக்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம்

மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் அக்குள் மட்டும் மஞ்சளாகி, பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்ததும் கறை இன்னும் அழுத்தமாகிவிட்டது என்கிறீர்கள். பிளீச்சை நிறுத்திவிட்டு, சட்டையைப் பலமுறை அலசி, ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து, அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் வியர்வையை அடக்கும் டியோடரண்டில் உள்ள அலுமினிய உப்புதான். தோலில் அது கூழாகி வியர்வைக் குழாயின் வாயை அடைக்கிறது; துணியிலோ வியர்வையின் புரதத்தோடும் எண்ணெய்ப் பசையோடும் பிணைந்து நூலைப் பற்றிக்கொள்கிறது. அமிலம் அந்தப் பிடியைத் தளர்த்தும்; பிளீச்சின் குளோரின் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சளைக் கூட்டும். அழகுசாதன ஆய்வகத்திலேயே பல ஆண்டுகள் கழித்த எனக்கு, நல்ல சட்டைகள் இப்படி வீணாவது இன்றும் வருத்தம்தான்.

கறையை விரலால் தடவிப் பாருங்கள். கஞ்சி காய்ந்ததுபோல் விறைத்திருந்தால் அலுமினியம் என்று கொள்ளலாம். சட்டை முழுவதும் பழுப்பேறியிருந்தால், தண்டையார்பேட்டை வீட்டில் நீங்கள் துவைக்கும் போர் தண்ணீரில் உள்ள இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு முறை லாரித் தண்ணீரில் துவைத்து ஒப்பிடுங்கள்.

அலுமினியம் இல்லாத டியோடரண்டுக்கு மாறினால் இந்தக் கறை குறையும். ஆனால் அது வியர்வையை நிறுத்தாது; வியர்வையைச் சிதைத்து நாற்றமாக்கும் பாக்டீரியாக்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

துணியில் பிளீச் வாசனை கொஞ்சமும் இருக்கும்போது வினிகரை ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது மிகவும் ஆபத்து.